முட்டத்துத் தென்னையும் அடுத்த வீட்டு எருக்குழியும்

முட்டம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கடலும் பாறையும் கலங்கரை விளக்கமும்தான் நினைவுக்கு வரும். கடலுக்கு முதுகைக் காட்டிச் செம்மண் மேட்டைத் தாண்டினால் தென்னை தொடங்கிவிடும். வெள்ளிச்சந்தை, மணவாளக்குறிச்சி, திங்கள்நகர் என்று எந்தப் பக்கம் போனாலும் வீடும் விளையும் மாறி மாறி வரும். விளையில் தென்னைக்கு அடியில் வாழை, வாழைக்கு இடையில் மரச்சீனி (மரவள்ளி), ஓரத்தில் ஒரு பலா, மூலையில் மாட்டுத்தொழுவம், அதை ஒட்டி எருக்குழி. இங்கே நிலத்தை ஏக்கரில் பேசுபவர்கள் குறைவு, சென்ட் கணக்குதான். 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு உழவர் வைத்திருக்கும் நிலத்தின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர். குமரி மாவட்டத்தின் சராசரி அதைவிட மிகச் சிறியது.

பூச்சி மேலாண்மை பற்றி அச்சாகும் கையேடுகளில் பெரும்பாலானவை ஹெக்டேர் கணக்கில் எழுதப்படுகின்றன. 10 சென்ட் விளைக்காரருக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? பரிந்துரைக்கப்படும் ஏழரை மீட்டர் இடைவெளியில் நட்டால் 10 சென்டில் 7 தென்னை நிற்கும். அந்த ஏழு மரங்களையும் ஒருவர் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அவற்றின் குருத்தைக் குடையும் வண்டு அவருடைய விளையில் பிறந்ததாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சூழலோடு இயைந்த பூச்சி மேலாண்மை என்று நாம் பேசுவதெல்லாம் சிறு விவசாயிக்கு மிகவும் ஏற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதைத் தனி ஒருவரின் வேலையாக்கி அவர் கையில் கொடுத்தால் அது தோற்கும். தோற்றபின் பழி முறையின் மீது விழும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

காண்டாமிருக வண்டிலிருந்து தொடங்கலாம். குமரியின் மேற்கே மலையாளத்தில் அதைக் கொம்பன் செல்லி என்பார்கள். தென்னைக்குக் கேடு செய்வது வளர்ந்த வண்டு மட்டுமே. இரவில் பறந்து வந்து, விரியாத குருத்தைக் குடைந்து சாற்றை உறிஞ்சும். அந்தக் குருத்து சில வாரம் கழித்து விரியும்போது ஓலை கத்தரியால் வெட்டியதுபோல் விசிறி வடிவில் நிற்கும். நாம் காயத்தைக் காணும்போது வண்டு எப்போதோ போயிருக்கும். வளர்ந்த மரம் இதைத் தாங்கும், காய்ப்பு குறையும். இளங்கன்று என்றால் குருத்தே அழிந்து பட்டுப்போகும். அந்தக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். அது வந்து முட்டையிட்டுவிட்டால் மரத்தின் உள்ளேயே புழுக்கள் தின்னத் தொடங்கும். தலை சாயும்வரை பல நேரம் வெளியே தெரியாது.

காண்டாமிருக வண்டின் புழுவோ தென்னையைத் தொடுவதே இல்லை. முட்டையிலிருந்து வண்டாகும்வரை ஏறத்தாழ ஆறு மாதம். அதில் பெரும்பகுதியை அது வெள்ளைப் புழுவாக மக்கும் பொருளில் கழிக்கிறது. எருக்குழி, சாணிக்குப்பை, மக்கிய தென்னந்தடி, மரத்தூள் குவியல், கதம்பல் (தேங்காய் உரிமட்டை) குவியல் எல்லாம் அதற்குத் தொட்டில்தான். ஆகவே வண்டை மரத்தின் உச்சியில் தேடுவது கடைசி வேலை. அது அசையாமல், பறக்காமல், கூட்டமாக, கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும் ஆறு மாதத்தை விட்டுவிட்டு, நாற்பது அடி உயரத்தில் நஞ்சு ஊற்றுவதில் என்ன பயன்? பூச்சியின் வாழ்க்கை முழுவதையும் பார்த்து, அது எங்கே வலுவற்று இருக்கிறதோ அங்கே கைவைப்பதுதான் சூழலியல் முறையின் உயிர்நாடி. மருந்துக்குப் பதில் வேப்பெண்ணெய் என்று புட்டியை மாற்றுவதோடு அது முடிந்துவிடுவதில்லை.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தது. கடலில் போன உயிர்களின் துயரம் இந்தக் கரையோர ஊர்களில் இன்னும் ஆறவில்லை. கரையில் தென்னையும் ரப்பரும் வாழையும் பெருமளவில் சாய்ந்தன. சாய்ந்த தென்னந்தடியை அறுத்து அப்புறப்படுத்தக் கூலி வேண்டும். வாங்க ஆள் வேண்டும். கிடக்கும் தடி மழையில் ஊறி உள்ளே பஞ்சாகும்போது வண்டுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. புயல் கடந்த தென்னை நாடுகள் எல்லாவற்றிலும் அறியப்பட்ட செய்தி இது. வேர்வாடல் நோயும் இப்படித்தான். 1882 வெள்ளத்துக்குப் பிறகு திருவிதாங்கூரில் ஈராற்றுப்பேட்டைப் பக்கம் முதலில் கவனிக்கப்பட்ட அந்த நோய் தெற்கே குமரிவரை வந்திருக்கிறது. நோயுற்ற மரத்தை வெட்டுவது சரியான செயல். வெட்டிய தடியை விளையிலேயே போட்டுவிட்டால் ஒரு நோய்க்குச் செய்த வைத்தியம் இன்னொரு பூச்சிக்கு வீடாகிறது.

ஒரு மனிதரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். தேங்காய் வெட்ட ஏறுபவர்தான் ஒரு காலத்தில் தென்னையின் பூச்சிக் கண்காணிப்பாளர். நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை ஏறி, காயை வெட்டிவிட்டு, மண்டையைச் சுத்தம் செய்து, குருத்தில் ஓட்டையும் நார்ச்சக்கையும் கண்டால் கொக்கிக் கம்பியை விட்டு வண்டைக் குத்தி எடுத்துவிட்டு இறங்குவார். மட்டை இடுக்கில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து வைத்துவிட்டு வருவார். வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதையே அளவோடு பரிந்துரைக்கிறது: தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, மரத்துக்கு 150 கிராம், குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில். இன்று ஏறுபவர்கள் குறைந்துவிட்டார்கள். அந்த வேலைக்குக் கிடைத்த மதிப்பும் ஊதியமும் அவர்கள் பிள்ளைகளை அதில் தங்கவிடவில்லை. அதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கைந்து மரம் உள்ள வீட்டுக்கு ஆள் கிடைப்பது அரிது. காய் தானாக விழட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடப்பட்ட மரங்களின் மண்டையை மாதக்கணக்கில் ஒரு மனிதக் கண்ணும் பார்ப்பதில்லை. பூச்சி பெருகுவதைப் பற்றிய ஆய்வுகளில் இந்தக் காரணம் போதிய அளவு எழுதப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனக்கவர்ச்சிப் பொறி இன்னொரு வழி. ஆண் வண்டு வெளியிடும் வாசனைப் பொருள் ஆணையும் பெண்ணையும் ஒருசேர இழுக்கும். 1990-களில் அது இன்ன வேதிப்பொருள் என்று கண்டறியப்பட்டு, இன்று சிறு பொட்டலமாக விற்பனைக்குக் கிடைக்கிறது. வாளியில் தொங்கவிட்டால் இரவில் வண்டுகள் வந்து விழும். 2 ஹெக்டேருக்கு ஒரு பொறி என்பது வழக்கமான பரிந்துரைகளில் ஒன்று. 2 ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 494 சென்ட். பத்து சென்ட் வைத்திருப்பவர்கள் என்றால் நாற்பத்தொன்பது வீடுகளுக்கு ஒரு பொறி! ஒருவர் மட்டும் ஆர்வத்தோடு வாங்கித் தன் விளையில் கட்டினால், சுற்றியுள்ள விளைகளின் வண்டெல்லாம் அவருடைய விளையைத் தேடி வரும். வந்தவை எல்லாம் வாளியில் விழும் என்ற உறுதியும் இல்லை. இளங்கன்றுக்குப் பக்கத்தில் பொறியைக் கட்டியவர் இழப்பையும் சேர்த்தே வாங்குகிறார். பொறி நல்ல கருவிதான். தனி வீட்டுக்கு ஒன்று என்று மானியத்தில் கொடுப்பதுதான் அதன் இயல்புக்கு மாறானது.

எருக்குழிக்கு வருவோம். புழுவுக்கு இயற்கையிலேயே ஒரு நோய் உண்டு. மெட்டாரைசியம் என்னும் பூஞ்சை புழுவின் தோலில் ஒட்டி, உள்ளே முளைத்து, கொன்று, பிணத்தின் மேல் பச்சை நிறத்தில் பூத்து மீண்டும் விதை பரப்பும். 1879-இல் ருசியாவில் கோதுமை வண்டின் மீது இதைச் சோதித்தவர் மெச்னிகாஃப். பூச்சியின் நோயைப் பூச்சிக்கு எதிராகத் திருப்பலாம் என்ற எண்ணத்தின் தொடக்கங்களில் ஒன்று அது. குமரியின் இரண்டு பருவமழைகளும் நிழலான விளைகளும் இந்தப் பூஞ்சைக்கு ஏற்றவை. அதை வளர்க்கப் பெரிய ஆலை வேண்டாம். வேகவைத்த அரிசியில், தேங்காய்த் தண்ணீரில், மரச்சீனித் துண்டில்கூட வளர்க்கலாம் என்று காட்டியிருக்கிறார்கள். வட்டப்பெருவலம் என்று கேரளத்தார் அழைக்கும் செடியைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு எருக்குழியில் கலந்தால் புழுவின் வளர்ச்சி கெட்டுப்போகும் என்பதும் கண்டறியப்பட்டிருக்கிறது. வேலியோரத்தில் தானாக வளரும் செடி அது. வெட்டிப் போடும் உழைப்பைத் தவிர வேறு செலவில்லை.

வண்டைத் தாக்கும் வைரஸ் ஒன்றும் உண்டு. அதன் கதை இன்னும் நீளமானது. 1909 வாக்கில் இலங்கையிலிருந்து போன ரப்பர் நாற்றுகளோடு இந்த வண்டு பசிபிக்கின் சமோவாத் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. தென்னையே வாழ்வாக இருந்த அந்த மக்களுக்கு அது பேரழிவு. அரை நூற்றாண்டு அவர்கள் புழுப் பொறுக்கியும் தடி எரித்தும் போராடினார்கள். 1963-இல் மலேயாவில் ஹூகர் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்த வண்டைத் தாக்கும் வைரஸைக் கண்டார். 1967-இல் அதைச் சமோவாவில் விட்டபோது வண்டின் எண்ணிக்கை சரிந்தது. அந்த வைரஸ் பூஞ்சை மருந்தைப்போல் மனிதன் தூவித் தூவிப் பரப்ப வேண்டியதல்ல. நோயுற்ற வண்டே பறந்து போய்த் தன் இனத்துக்குப் பரப்பும். சாகும்வரை அது நோய்க்கான தூதுவன். நம் பக்கத்தில் 1980-களில் லட்சத்தீவின் மினிக்காய்த் தீவில் இதை விட்டு நல்ல பலன் கண்டார்கள். மினிக்காயிலும் சமோவாவிலும் இது நன்றாக வேலை செய்ததற்கு, கடல் சூழ்ந்த தீவில் வெளியிலிருந்து புதிய வண்டு வந்துகொண்டே இருக்காது என்பதும் ஒரு காரணம். முட்டத்து விளைக்கு அப்படி ஒரு கடல் அரண் தெற்கே மட்டும்தான். வடக்கே கேரளம்வரை தென்னை தொடர்கிறது. 2007-இல் குவாம் தீவில் புகுந்த வண்டினம் வழக்கமான வைரஸுக்கு மசியவில்லை என்ற செய்தியும் உண்டு. உயிரியல் முறைக்கும் எதிர்ப்பு தோன்றலாம். ஒரே ஆயுதத்தை நம்பக் கூடாது என்பது நஞ்சுக்கு மட்டும் உரிய விதியல்ல.

ஆனாலும் ஒரு குழியில் பூஞ்சை தூவினால் அந்தக் குழியின் புழுதான் சாகும். அடுத்த வேலிக்குள் இருக்கும் குழியில் பிறந்த வண்டுக்கு இந்த வேலி ஒரு பொருட்டல்ல. இதை நன்றாக உணர்ந்தவர்கள் மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் காயங்குளம் நிலையத்தார். அவர்கள் ஆலப்புழை, திருவனந்தபுரம் மாவட்டங்களில் செய்தது எளிய மாற்றம்: விவசாயியை விட்டுவிட்டு ஊராட்சியை அலகாக எடுத்துக்கொண்டார்கள். பெண்கள் குழுக்கள் அரிசியில் பூஞ்சையை வளர்த்தார்கள். வார்டு வார்டாக எருக்குழிகளைக் கணக்கெடுத்து, ஒரே காலத்தில் எல்லாக் குழியிலும் இட்டார்கள். தென்னை இல்லாமல் மாடு மட்டும் வைத்திருக்கும் வீட்டின் குழியும் கணக்கில் வந்தது. இது முக்கியம். மாடு வைத்திருப்பவருக்கு வண்டால் எந்த இழப்பும் இல்லை. தென்னை வைத்திருப்பவருக்கு அடுத்த வீட்டுக் குழியில் உரிமை இல்லை. இழப்பு ஓரிடத்திலும் காரணம் ஓரிடத்திலும் இருக்கும்போது, சந்தையில் வாங்கும் எந்த மருந்தும் அந்த இடைவெளியைக் கடக்காது. பேச்சுத்தான் கடக்கும்.

வண்டு நம் ஊர்ப் பூச்சி. அதன் பகைவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாக வருபவை வேறு வகை. தம்மைத் தின்பவர்களை அங்கேயே விட்டுவிட்டு வந்து இங்கே தடையின்றிப் பெருகும். 2016-இல் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் தென்னையில் ஒரு புது வெள்ளை ஈயைக் கண்டார்கள். ஓலையின் அடியில் சுருள் சுருளாக மெழுகோடு முட்டையிடும். அது கழிக்கும் தேன்போன்ற நீர் கீழ் ஓலைகளில் படிந்து, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, மரமே கரி பூசியதுபோல் ஆகிவிடும். பார்ப்பவர் நெஞ்சு பதறும். பதறியவர்கள் மருந்து தெளிப்பான் வைத்திருக்கும் ஆட்களைத் தேடினார்கள். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனத்தின் அறிஞர்கள் சொன்னதோ, தெளிக்காதீர்கள் என்பது. என்கார்சியா என்னும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவு சிறிய குளவி, யாரும் கொண்டுவராமலே இந்த ஈயைத் தொடர்ந்து இங்கே வந்து சேர்ந்திருந்தது. அது வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே முடித்துவிடும். மருந்து அடித்த தோப்பில் முதலில் அழிவது குளவிதான். மெழுகுக்குள் இருக்கும் ஈயின் குஞ்சுகளில் ஒரு பகுதி தப்பிப் பிழைத்து மறுபடி பெருகும்.

விசைத் தண்ணீரால் ஓலையைக் கழுவுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள், கரும்பூசணத்துக்கு மைதாக் கஞ்சி தெளியுங்கள், குளவி நிறைந்த ஓலையைக் கொண்டுபோய்க் குளவி இல்லாத தோப்பில் கட்டுங்கள் என்பவைதான் பரிந்துரைகள். குளவி நிலைத்திருக்கத் தென்னைக்கு இடையே வாழையும் கல்வாழையும் வளர்க்கச் சொல்கிறார்கள். பொள்ளாச்சியின் தனித் தென்னைத் தோப்புகளுக்கு இது புதிதாகச் செய்ய வேண்டிய வேலை. குமரியின் விளையில் வாழை எப்போதும் உண்டு. நம் முன்னோர் குளவியை நினைத்து அப்படி நட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பத்து சென்டில் சோறும் காசும் இரண்டும் எடுக்க வேண்டிய நெருக்கடி அப்படி நடவைத்தது. அந்த நெருக்கடி உண்டாக்கிய கலப்பு, பூச்சியைத் தின்னும் பூச்சிகளுக்கும் இடமாக அமைந்தது. இந்தக் கலப்பை ஒழுங்கற்றது என்று கருதித் தனிப்பயிராக மாற்றச் சொல்லும் அறிவுரையை ஏற்பதற்கு முன் இரண்டு முறை எண்ண வேண்டும்.

மரச்சீனிக்கு வந்த ஆபத்து இதைவிடக் கடுமையானது. திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் ஊக்கம் பெற்ற இந்தக் கிழங்கு, அரிசி கிடைக்காத ஆண்டுகளில் ஏழைகளின் உயிரைக் காத்தது. மீனும் மரச்சீனியும் இந்தக் கரையின் உணவு. 2020-இல் திருச்சூரில் மரச்சீனி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. சிறிது காலத்தில் சேலம், நாமக்கல் பகுதிகளில் பரவியது. உலகத்துக்கு இந்தப் பூச்சி புதிதல்ல. 1970-களில் தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய், அந்தக் கிழங்கை நம்பியிருந்த கோடிக்கணக்கானோரைப் பட்டினியின் விளிம்புக்குத் தள்ளியது. ஹான்ஸ் ஹெரன் தலைமையிலான குழு அதன் தாயகத்தைத் தேடியது. 1981-இல் பராகுவேயில் பூச்சியும், அதை ஒடுக்கி வைத்திருந்த அனகைரஸ் லோபெசி என்ற குளவியும் கிடைத்தன. அதே ஆண்டு நைஜீரியாவில் குளவியை விடும் பணி தொடங்கி, பின்னர் பல நாடுகளில் பரவியது. அதற்காக ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு தரப்பட்டது. அந்தக் குளவியையே பெனின் நாட்டிலிருந்து வருவித்து, தனிமைப்படுத்திச் சோதித்தபின், 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். அதற்கு முன் 2010-இல் பப்பாளி மாவுப்பூச்சிக்கும் இப்படியே அயல்நாட்டுக் குளவி வந்து தமிழ்நாட்டைக் காத்தது.

குளவி பறந்து எல்லா வேலியையும் கடக்கும் என்பதால் இங்கே ஊர்க்கூட்டம் தேவையில்லை என்று தோன்றும். அப்படியல்ல. மாவுப்பூச்சி பெரும்பாலும் நடவுக் கம்பின் வழியாகப் பயணம் செய்கிறது. மரச்சீனிக் கம்பு நம் ஊர்களில் காசுக்கு வாங்குவதைவிட உறவிலும் நட்பிலும் கைமாறுவது அதிகம். அறுவடை செய்த வீட்டிலிருந்து ஒரு கட்டுக் கம்பு அடுத்த ஊருக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போகும். நல்ல வழக்கம், நிறுத்தக் கூடாதது. ஆனால் கம்பைப் பார்த்து, நுனி சுருங்கிய செடியின் கம்பை ஒதுக்கிக் கொடுக்க எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். குளவி விட்ட பகுதியில் ஒரு வீடு மட்டும் கடும் நஞ்சு தெளித்தால், அங்கே குளவி நிலைகொள்வது தடைப்படும். அந்த இழப்பு அந்த வீட்டோடு நிற்காது.

வாழைத் தண்டுத் துளைப்பானுக்கும் கணக்கு ஒன்றுதான். ஏத்தன் வாழையை அதிகம் தாக்கும் அந்தக் கூன்வண்டு, குலை வெட்டியபின் அப்படியே நிற்கவிட்ட தண்டில் பெருகுகிறது. வெட்டிய தண்டை நெடுக்காகப் பிளந்து, வெட்டுமுகம் கீழாகப் போட்டால் வண்டுகள் அடியில் வந்து கூடும். காலையில் பொறுக்கி அழிக்கலாம். குத்தகைக்கு வாழை போட்டவர் குலையோடு கிளம்பிவிட்டால் அந்தத் தண்டை யார் பிளப்பது? நாஞ்சில் நாட்டு நெல் வயல்களிலோ நிலைமை சற்று வேறு. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு பருவங்களும் வாய்க்காலில் தண்ணீர் வரும் முறையோடு பிணைந்திருந்ததால், ஒரு பற்றில் உள்ள எல்லோரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நட்டு ஒரே நேரத்தில் அறுத்தார்கள். இடையில் வயல் வெறுமையாகக் கிடந்த காலத்தில் நெல் தண்டுத் துளைப்பானுக்கு உணவில்லை. நீர் நிர்வாகம் தன்னையறியாமலே பூச்சி நிர்வாகமாகவும் இருந்தது. வயல்கள் மனைகளாகித் துண்டுபட்டபின் அந்த ஒழுங்கு எஞ்சிய இடங்களில் மட்டும் இருக்கிறது.

வேளாண் துறையின் திட்டங்கள் பெரும்பாலும் பயனாளி என்ற ஒற்றை மனிதரை நோக்கியே எழுதப்படுகின்றன: சிட்டா, அடங்கல், ஆதார், ஒரு கையெழுத்து, ஒரு பொட்டலம். பூஞ்சைப் பொட்டலம் உயிருள்ள பொருள். கோடை வெயிலில் கிடங்கில் கிடந்தால் செத்துப்போகும். செத்த பொட்டலத்தைத் தூவியவர் இயற்கை மருந்தெல்லாம் வீண் என்று முடிவு கட்டுவார்; அவரைத் தவறு சொல்ல முடியாது. ஊரிலேயே வளர்த்து அந்த வாரமே பயன்படுத்துவது இதனால்தான் மேலானது. குமரிக் கரையில் அதற்கான அமைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன: மகளிர் சுயஉதவிக் குழு, தேவாலயப் பங்கில் அண்டை வீட்டார் கூடும் அன்பியங்கள், ஊர் நிர்வாகம், கோயில் கமிட்டி. மீன்பிடிப்பில் பங்கு பிரிப்பதிலும் திருவிழாவுக்கு வரி பிரிப்பதிலும் இவர்களுக்கு உள்ள பழக்கம் எந்த வேளாண் கல்லூரியும் சொல்லித்தர முடியாதது.

செய்ய வேண்டியதைக் காலத்தோடு சொன்னால் இப்படி இருக்கும். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் வண்டு நடமாட்டம் கூடும். ஆகவே மாசி, பங்குனியிலேயே ஒரு அன்பியமோ ஒரு வார்டோ தன் எல்லைக்குள் உள்ள எருக்குழிகளையும் கிடக்கும் தென்னந்தடிகளையும் எண்ணி எழுத வேண்டும். தடிகளை வெட்டி அகற்ற நூறுநாள் வேலையைப் பயன்படுத்த வழி உண்டா என்று ஊராட்சி கேட்டுப் பார்க்கலாம். கோடை மழையின் ஈரம் வந்ததும் எல்லாக் குழியிலும் ஒரே வாரத்தில் பூஞ்சையும் வட்டப்பெருவலமும் இட வேண்டும். ஐம்பது வீட்டுக்கு ஒரு பொறி, இளங்கன்று இல்லாத இடத்தில். அந்த ஐம்பது வீடும் சேர்ந்து மரம் ஏறும் ஒருவருக்கோ இருவருக்கோ மாத ஊதியம் பேசினால், ஏழு மரத்துக்கு ஆள் கிடைக்காத வீட்டுக்கும் ஆள் வருவார். அவருக்குக் காப்பீடு எடுத்துக் கொடுப்பதும் அந்தப் பேச்சின் பகுதியாக இருக்க வேண்டும். தென்னை வளர்ச்சி வாரியம் மரம் ஏறுபவர்களுக்குப் பயிற்சியும் காப்பீட்டுத் திட்டமும் வைத்திருக்கிறது. விண்ணப்பிக்க வேண்டியது அந்த ஐம்பது வீடுகளும்தான்.